ராஜாவின் ஆலயமும் ஆண்டவரின் ஆலயமும்

கிறிஸ்துவுக்குள் எனக்கு அன்பான சபையாரே,

இந்த வாரத் தியானத்துக்கு ஆதாரமாக ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் 7-ஆம் அதிகாரம் 10 முதல் 17 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் வேதாகமத்தைத் திறந்து அந்தப் பகுதியை அமைதியாக ஒருமுறை வாசித்துவிட்டு, பின்பு இதைத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆமோஸ் குருகுலத்தில் பயின்றவர் அல்லர். தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்து, அத்திப்பழம் சேர்த்து வாழ்ந்தவர். கர்த்தர் அவரை அழைத்து இஸ்ரவேலின் ராஜ்யத்துக்கு அனுப்பினார். அவர் பெத்தேலுக்குப் போய், ஏழைகளை மிதிக்கிறவர்களின் மேல் வரப்போகும் நியாயத்தீர்ப்பை அறிவித்தார். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா அவரைத் தடுத்தான். அமத்சியாவின் வாதத்தைக் கவனியுங்கள். ஆமோஸ் சொன்னது பொய் என்று அவன் சொல்லவில்லை. இது ராஜாவுக்குரிய பரிசுத்த ஸ்தலம், ஆகையால் இங்கே நீ பேசலாகாது என்பதே அவனுடைய வாதம். ஆலயம் ராஜாவுக்குச் சொந்தமானபடியால், அங்கே தேவனுடைய வார்த்தைக்கு இடம் இல்லாமற்போயிற்று.

இந்தப் பகுதியை இப்பொழுது நான் தெரிந்துகொண்டதன் காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். நாம் பல ஆண்டுகளாக ஜெபித்துவருகிற புதிய ஆலயக் கட்டடத்துக்கு நிதி போதவில்லை. செல்வமும் செல்வாக்கும் உள்ள ஒருவர் பெருந்தொகை தருவதற்கு முன்வந்திருக்கிறார். பதிலாக அவர் எதிர்பார்ப்பவை மூன்று: ஆலய வாசலில் தம் பெயர் பொறித்த கல், பிரதிஷ்டை நாளில் மேடையில் இருக்கை, அதன்பின் முன்வரிசையில் தம் குடும்பத்தாருக்கு நிலையான இடம். வருகிற சபைக் கூட்டத்தில் நாம் இதைக்குறித்து முடிவு செய்யவேண்டும். முடிவு உங்களுடையது. ஆயினும், மேய்ப்பன் என்ற முறையில் என் கருத்தை மறைப்பது முறையாகாது. அதைச் சொல்வதற்கு முன், அதிகாரத்தின் நிழலில் நின்ற இரண்டு ஆலயங்களின் சரித்திரத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒன்று இங்கிலாந்தில் உள்ளது. மற்றொன்று நம்முடைய தஞ்சாவூரில் உள்ளது.

கான்டர்பரி: நான்கு ராஜாக்களின் கதை

இங்கிலாந்தின் கிறிஸ்தவ சரித்திரத்தில் கான்டர்பரி பேராலயத்துக்குத் தனி இடம் உண்டு. கி.பி. 597-ஆம் ஆண்டில் ரோமாபுரியிலிருந்து அகஸ்டின் என்ற துறவி சுமார் நாற்பது பேரோடு கென்ட் நாட்டில் வந்து இறங்கினார். அந்நாட்டின் ராஜாவாகிய எத்தெல்பெர்ட் அப்பொழுது கிறிஸ்தவர் அல்லர். ஆனால் அவருடைய மனைவி பெர்த்தா கிறிஸ்தவள். ராஜா அகஸ்டினை வரவேற்று, கான்டர்பரியில் தங்குவதற்கும் பிரசங்கிப்பதற்கும் இடம் கொடுத்தார். பேராலயத்தின் தொடக்கம் அதுவே. இன்று அங்கே நிற்கும் கட்டடம், 1067-இல் ஏற்பட்ட தீயில் பழைய ஆலயம் அழிந்தபின், 1070 முதல் பேராயர் லான்ஃபிராங்க் எழுப்பியதிலிருந்து படிப்படியாக வளர்ந்தது.

நூறு ஆண்டுகள் கழிந்தன. இரண்டாம் ஹென்றி என்ற ராஜா, தம் உற்ற நண்பரும் தம் அரசின் தலைமை அதிகாரியுமாகிய தாமஸ் பெக்கெட்டை 1162-இல் கான்டர்பரியின் பேராயராக்கினார். நண்பன் பேராயரானால் சபை தன் கைக்குள் இருக்கும் என்பது ராஜாவின் கணக்கு. பேராயரான பின்பு பெக்கெட் ராஜாவின் விருப்பத்துக்கு இணங்கவில்லை. குற்றம் செய்த குருமாரை விசாரிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கில் இருவரும் மோதினார்கள். பெக்கெட்டின் வாதம் முழுவதையும் இன்று நாம் ஏற்கமாட்டோம். தவறு செய்த போதகனும் நாட்டின் சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டியவனே. எனினும் அந்த வழக்கின் முடிவு பயங்கரமானது. 1170 டிசம்பர் 29-ஆம் தேதி, ராஜாவின் வீரர் நால்வர் பேராலயத்துக்குள் புகுந்து பேராயரை வெட்டிக் கொன்றார்கள்.

நாடு அதிர்ந்தது. மக்கள் அந்தக் கல்லறையைத் தேடி வந்தார்கள். 1174-ஆம் ஆண்டில் அதே ஹென்றி ராஜா வெறுங்காலோடு கான்டர்பரியின் தெருக்களில் நடந்து, கல்லறையின் முன் மண்டியிட்டு, துறவிகளின் கையால் கசையடி பெற்றுக்கொண்டார். அதன்பின் அந்த இடம் பெரும் புண்ணியத் தலமாயிற்று. ராஜகுலத்தார் அங்கே அடக்கம் செய்யப்படுவதை மேன்மையாக எண்ணினார்கள். கறுப்பு இளவரசர் என்று அழைக்கப்பட்ட எட்வர்டும், நான்காம் ஹென்றி ராஜாவும் பெக்கெட்டின் கல்லறை இருந்த இடத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

பின்பு 1538-ஆம் ஆண்டு வந்தது. எட்டாம் ஹென்றி ராஜா அந்தக் கல்லறை மாடத்தை இடித்துத் தள்ளினார். அதிலிருந்த பொன்னும் மணியும் அரசாங்கக் கருவூலத்துக்குப் போயின. பெக்கெட்டின் பெயரை ஜெபப்புத்தகங்களிலிருந்தும் அழிக்கும்படி கட்டளை பிறந்தது.

ஒரே ஆலயத்தின் சரித்திரத்தில் இத்தனையும் நடந்தது. ஒரு ராஜா இடம் கொடுத்தார். ஒரு ராஜாவின் ஆட்கள் அதில் இரத்தம் சிந்தினார்கள். அவரே பின்பு அங்கே முழங்காற்படியிட்டார். வேறொருவர் அங்கே புதைக்கப்பட்டார். இன்னொருவர் அதைக் கொள்ளையிட்டார். ராஜாவின் தயவு ஒரு தலைமுறையில் நிழலாக இருக்கிறது. அடுத்த தலைமுறையில் அதே கை கோடரியை எடுக்கிறது. அன்று நிழல் தந்தது சுயாதீனமாக வளர்ந்த மரம் அல்ல என்பது அப்பொழுதுதான் தெரியவருகிறது.

அது தூரதேசத்துக் கதை, ஐரோப்பிய ராஜாக்களின் காரியம் என்று நீங்கள் எண்ணலாம். ஆகையால் நம்முடைய தமிழ்நாட்டுக்கே வருவோம்.

தஞ்சாவூர்: ராஜாவிடம் நெருங்கி நின்ற போதகர்

உங்களில் சிலர் தஞ்சாவூர்ப் பெரிய கோவிலைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகே சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டி, 1779-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. ஊரார் அதைச் சுவார்ட்ஸ் கோவில் என்பார்கள். அதைக் கட்டியவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1726-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, ஹாலே நகரத்தில் பயின்று, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர். முதலில் தரங்கம்பாடியிலும், பின்பு திருச்சிராப்பள்ளியிலும் ஊழியம் செய்து, 1778 முதல் தஞ்சாவூரில் நிலையாகத் தங்கினார். மராட்டிய மன்னராகிய துளஜா அவரை மதித்தார். அவர் ஊழியம் செய்ததும் ஆலயம் எழுப்பியதும் மன்னருடைய கோட்டை நகரத்துக்குள்தான்.

இப்படி ராஜாவிடம் நெருங்கி நின்ற போதகர் தம் வாயை எப்படிக் காத்துக்கொண்டார் என்பதை நாம் அறியவேண்டும். மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 1779-ஆம் ஆண்டில் நடந்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேய அரசு, மைசூர் ஹைதர் அலியின் மனநிலையை அறிய ஒரு தூதுவரைத் தேடியது. ஹைதர் அலி ஆங்கில அதிகாரிகளை நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயரை நம்பினார். ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார். திரும்பும்போது ஹைதர் அலி வழிச்செலவுக்காக ஒரு பண முடிப்பைக் கொடுத்தார். ஐயர் அதைக் கொண்டுவந்து சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதை வாங்க மறுத்து அவரிடமே கொடுத்தபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதைப் பயன்படுத்தினார். அவருடைய தூது யுத்தத்தைத் தடுக்கவில்லை. 1780-இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கின. ஆயினும் அந்த யுத்தத்தின் நடுவிலும், சுவார்ட்ஸ் ஐயரைத் தடையின்றிப் போகவிடுமாறு ஹைதர் அலி தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். அவர் அந்த முடிப்பைத் தம் பையில் போட்டுக்கொண்டிருந்தால் இந்த நம்பிக்கை நின்றிருக்குமா?

இரண்டாவது, அதே யுத்தகாலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. சுற்றுப்புறத்தில் தானியம் இருந்தது. கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் செத்தார்கள். காரணம், முன்பு தானியமும் மாடுகளும் கொடுத்த குடியானவர்களுக்கு அரசாங்கத்தார் பணம் கொடுக்கவில்லை. ராஜாவின் வாக்குக்கும் அவர்கள் செவிகொடுக்கவில்லை, ஆங்கிலேயரின் வாக்குக்கும் செவிகொடுக்கவில்லை. சுவார்ட்ஸ் ஐயர், பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று சொல்லி ஆள் அனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்தன. அதைத் தொடர்ந்து 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஐயர் சொன்னபடியே எல்லாருக்கும் பணம் கொடுத்தார். சிங்காசனத்தில் இருந்தவரின் சொல்லுக்கு மதிப்பில்லாத நாளில், ஒரு போதகரின் சொல்லை நம்பிக் குடியானவன் தன் மாட்டை அவிழ்த்து அனுப்பினான். பிரியமானவர்களே, ஒரு சபைக்கு இதைவிடப் பெரிய செல்வம் எது?

மூன்றாவது, அரசுரிமையைப் பற்றியது. 1787-இல் துளஜா மன்னர் மரணப்படுக்கையில் இருந்தபோது, தாம் தத்தெடுத்த சிறுவனாகிய சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் விட விரும்பினார். ஐயர் உடனே இணங்கவில்லை. பின்பு மன்னரின் சகோதரர் அமர்சிங் ஆட்சிக்கு வந்தார். சிறுவன் அடைத்துவைக்கப்பட்டு, கல்வியும் இல்லாமல் துன்புற்றான். அப்பொழுது ஐயர் வாய்மூடி இருக்கவில்லை. அவருடைய ஊழியமும் ஆலயமும் அமர்சிங்கின் தலைநகரத்தில் இருந்தன என்பதை மறந்துவிடாதீர்கள். இருந்தும் அவர் அந்தச் சிறுவனுக்காகப் பரிந்து பேசினார். அவனுக்குப் பாதுகாப்புத் தேடினார். 1793-இல் அவன் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் கல்வி பெற்றான்.

1798 பிப்ரவரி 13-ஆம் தேதி சுவார்ட்ஸ் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரசரானார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி இவரே. அவர் கிறிஸ்தவராகவில்லை, தம் முன்னோரின் மார்க்கத்திலேயே இருந்தார். ஆயினும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பியாகிய ஜான் ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்து, சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் வைத்தார். மரணப்படுக்கையில் சுவார்ட்ஸ் ஐயர் படுத்திருக்கிறார். சரபோஜி அருகில் நின்று அவருடைய கையைப் பிடித்திருக்கிறார். சிறுபிள்ளைகள் கட்டிலின் அருகே நிற்கிறார்கள். ஐயரின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றியவரும் சரபோஜியே.

அந்தக் கல்லைப்பற்றி ஒரு காரியம் என் மனதை விட்டு அகலவில்லை. ஆலயத்துக்குள் ராஜாவின் உருவம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே அவர் நிற்பது கொடையாளியாக அல்ல. தம்மைக் காத்தவருக்காகத் துக்கங்கொண்டாடும் மாணவனாக நிற்கிறார். அந்தக் கல்லை யாரும் பேரம் பேசி வாங்கவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

நிழலின் மறுபக்கம்

ஆயினும் தஞ்சையின் சரித்திரத்தைப் புகழ்ச்சியாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. சுவார்ட்ஸ் ஐயர் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் அரண்மனைக்கும் நடுவே நின்றார். அவர் பரிந்து பேசியதால் கம்பெனி சரபோஜியை அரியணையில் ஏற்றியது; மறு ஆண்டே, 1799-இல், உடன்படிக்கை எழுதி வாங்கி நாட்டின் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சரபோஜியிடம் கோட்டையும் பட்டமும் மிஞ்சின. 1855-இல் அந்த வம்சத்தின் கடைசி அரசர் ஆண் வாரிசின்றி மரித்தபோது அதுவும் முடிந்தது. நல்ல மனிதர் ஒருவர் நல்ல நோக்கத்தோடு அதிகாரத்துக்கு இடையில் நின்றாலும், அதிகாரம் தன் கணக்கைத் தனியே வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அரண்மனைக்கு அருகே வளர்ந்த அந்தச் சபைக்குள் சமுதாயத்தின் மேல் கீழ் வரிசைகளும் நுழைந்துவிட்டன. ஆலயத்தில் சாதிவாரியாக இடம் பிரித்து உட்காரும் வழக்கம் சுவார்ட்ஸ் ஐயரின் காலத்திலும் நீங்கவில்லை. அவர் மரித்து 35 ஆண்டுகளுக்குப்பின், 1833-இல், பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை முற்றிலும் விட்டுவிடக் கட்டளையிட்டார். அப்பொழுது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெருந்தொகையானோர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள். ஒரு தலைமுறை பொறுத்துக்கொண்ட இருக்கை வரிசையை மாற்ற முயன்றபோது அடுத்த தலைமுறை சபையே பிளந்தது. முன்வரிசை நாற்காலி சிறிய காரியம் என்று நம்மில் சிலர் சொல்வதைக் கேட்டேன். அவர்கள் இந்தச் சரித்திரத்தை எண்ணிப்பார்க்கட்டும். பொன்மோதிரமும் மினுக்குள்ள ஆடையும் அணிந்தவனுக்கு நல்ல இடத்தையும், ஏழைக்குக் கால்மாட்டையும் காட்டுகிற சபையை யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாகக் கேட்கிறார் என்பதையும் வாசியுங்கள்.

ராஜா இல்லாத மலையில்

இப்பொழுது நம்முடைய கொல்லிமலைக்கு வருவோம். இந்த மலைக்கும் ராஜா இருந்தான். வல்வில் ஓரியின் வில்லாற்றலையும் கொடையையும் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசாங்கம் அவன் பெயரால் விழா எடுக்கிறது. அந்த ஓரியைக் காரி கொன்று, இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதும் சங்கப் பாடல்கள் சொல்லும் செய்தியே. மலை இருந்த இடத்தில் இருந்தது, ராஜாக்கள் மாறினார்கள்.

ஆனால் இங்கே சுவிசேஷம் வந்தபோது எந்த ராஜாவும் இடம் கொடுக்கவில்லை. ஜெசி பிராண்ட் ஐயரும் ஈவ்லின் அம்மாவும் 1913-இல் சேந்தமங்கலத்தில் மணம் முடித்து, இந்த மலையில் குடியேறினார்கள். இன்றைக்கு நாமக்கல்லிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறி வருகிறது. அன்று காலால் ஏறினார்கள், டோலியில் வந்தார்கள். ஐயர் கட்டட வேலை தெரிந்தவர். மருத்துவத்திலும் ஓரளவு பயிற்சி பெற்றவர். தங்குவதற்குப் பலகை வீட்டைத் தம் கையால் எழுப்பினார். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் நரம்புச் சிலந்திக்கும் மருந்து கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், தச்சு வேலை கற்பித்தார். இருந்தும் ஆண்டுக்கணக்கில் ஒருவரும் துணிந்து முன்வரவில்லை. கொள்ளைக்காய்ச்சல் பரவிய நாட்களில், அவர்களை மிகவும் எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் படுக்கையில் விழுந்தார். உறவினர் விலகிப்போக, ஐயரும் அம்மாவும் அவர் அருகில் இருந்தார்கள். மரிக்கும் வேளையில் அவர் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன்பின் மலையின் மனம் மெல்லத் திறந்தது.

1929 ஜூன் மாதத்தில் ஜெசி ஐயர் காய்ச்சலால் இந்த மலையிலேயே மரித்தார். வயது 44. அவருடைய மனைவி ஈவ்லின் அம்மா, மிஷன் சங்கம் ஓய்வு கொடுத்த பின்பும், எழுபதை நெருங்கிய வயதில் தாமாகவே மலைக்குத் திரும்பினார். இரண்டு கழிகளை ஊன்றிக்கொண்டும், மட்டக்குதிரையின் மேலும் ஊர் ஊராகப் போனார். சுற்றியுள்ள மற்ற மலைகளுக்கும் சுவிசேஷத்தைக் கொண்டுசென்றார். 1974 டிசம்பர் மாதத்தில், 95 வயதில் மரித்து, தம் கணவருக்குப் பக்கத்தில் இந்த மலையின் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சையால் அசைவைத் திரும்பத் தந்த வேலூர் மருத்துவர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன். இந்த மலையில் வளர்ந்தவர்.

தஞ்சைச் சின்னத்தைப்போல் சலவைக்கல்லில் இவர்களுக்கு ஒரு சிற்பம் இல்லை. ஆனால் மரித்துக்கொண்டிருந்த பூசாரி தன் பிள்ளையை யார் கையில் கொடுத்தார் என்பது நமக்குத் தெரியும். தஞ்சைக் குடியானவன் மாட்டை அவிழ்த்து அனுப்பியதற்கும், நம் மலையின் பூசாரி பிள்ளையைத் தூக்கிக் கொடுத்ததற்கும் வேர் ஒன்றே. இவர்கள் ஒருவனிடமும் விலைபோகவில்லை என்பதை மக்கள் கண்டிருந்தார்கள்.

என் கருத்து

மூப்பர்களில் சிலர் நியாயமான ஒரு கேள்வியை எழுப்பினார்கள். ராஜாக்களின் உதவியை வேதம் தடுக்கிறதா? தடுக்கவில்லை. தீருவின் ராஜாவாகிய ஈராம் சாலொமோனுக்குக் கேதுரு மரங்களைக் கொடுத்தான். கோரேஸ் ராஜா ஆலயப் பணிமுட்டுகளைத் திருப்பிக் கொடுத்தான். அர்தசஷ்டா ராஜாவிடம் நெகேமியா மரமும் கேட்டார், கடிதமும் கேட்டார். ஆகையால் பிறர் கொடுக்கும் பணம் தீட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எருசலேமின் வாசலில் அர்தசஷ்டாவின் பெயரை நெகேமியா பொறித்ததாக வாசிக்கிறோமா? அவருடைய புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் இருப்பவர்கள் தட்டாரும், தைலக்காரரும், வியாபாரிகளும், தன் குமாரத்திகளோடு சேர்ந்து மதிலைக் கட்டின தகப்பனும். கல் சுமந்தவர்களின் பெயர்கள் அங்கே எழுதப்பட்டன.

ஆகவே கொடையை ஏற்பதற்கு முன் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று எண்ணுகிறேன். இதை வாங்கிய பின்பும், கொடுத்தவர் தவறு செய்தால் அவர் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல இந்தப் பீடத்துக்கு வாய் இருக்குமா? நாத்தானுக்கு அந்த வாய் இருந்தது. தாவீதின் அரண்மனைக்குள் நின்று, நீர்தான் அந்த மனுஷன் என்ற பொருளில் அவரால் பேச முடிந்தது. யோவான் ஸ்நானனுக்கும் இருந்தது. அவர் அதற்குத் தம் தலையை விலையாகக் கொடுத்தார். அமத்சியாவுக்கு மட்டும் அது இல்லை.

இது வெறும் கற்பனை அல்ல. நம் மலையின் நிலைமை உங்களுக்குத் தெரியும். தலைமுறையாகப் பயிர்செய்த நிலம், கடனுக்காகவும் கைநாட்டுக்காகவும் கைமாறுகிறதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். மிளகுக்கும் காப்பிக்கும் பலாவுக்கும் உழைத்தவன் பெறும் விலை என்ன, அது சந்தையில் விற்கும் விலை என்ன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. நாளை நம் சபையின் விதவை ஒருத்தி, தன் காணி பறிபோனது என்று அழுதுகொண்டு இந்த வாசலுக்கு வரலாம். அவளுக்கு எதிராக நிற்பவரின் பெயரே அந்த வாசலின் கல்லில் இருந்தால், அவள் உள்ளே வருவாளா? வந்தாலும், நானோ எனக்குப்பின் வரும் போதகரோ அவளுக்காகப் பேசுவோமா? இப்பொழுது தரும் அன்பர் அப்படிப்பட்டவர் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். எத்தெல்பெர்ட்டும் நல்லவர்தான். கல்லில் பொறித்த பெயர் அவருடைய பிள்ளைகளின் காலத்திலும், பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அங்கேயே இருக்கும் என்பதே என் கவலை.

ஆகையால் சபைக் கூட்டத்தில் நான் முன்வைக்கப்போவது இதுவே. நிபந்தனை இல்லாமல் அவர் கொடுத்தால், நன்றியோடு பெற்றுக்கொண்டு, எல்லாருடைய காணிக்கையையும்போல் கணக்கில் எழுதி, சபையின் முன் வாசிப்போம். வாசற்கல்லில் ஆண்டவரின் நாமமும் கட்டிய ஆண்டும் போதும். பிரதிஷ்டை நாளில் அவர் விருந்தினராக வரட்டும், சபையாரோடு உட்காரட்டும். முன்வரிசை முதலில் வருகிறவர்களுக்கும், காது கேளாத முதியவர்களுக்கும் இருக்கட்டும். இதற்கு அவர் இணங்காவிட்டால், மனஸ்தாபமின்றி அவருக்காக ஜெபித்து, நம்மால் இயன்ற அளவில் சிறியதாகக் கட்டுவோம். இந்த ஆண்டு அஸ்திபாரம், அடுத்த ஆண்டு சுவர், அதற்கடுத்த ஆண்டு கூரை. நம் பெண்கள் வாரந்தோறும் எடுத்துவைக்கிற பிடியரிசியும், அறுப்பின் பண்டிகையில் நீங்கள் படைக்கும் சாமையும் தினையும் மிளகும் தாமதமாகச் சேரும் நிதிதான். ஆனால் அது நம் வாயைக் கட்டாத நிதி.

இதனால் காலம் நீளும் என்பதை அறிவேன். மழைக்காலத்தில் ஒழுகுகிற கூரையின்கீழ் இன்னும் சில ஆண்டுகள் ஆராதிக்கவேண்டியிருக்கும். முதியவர்களில் சிலர் புதிய ஆலயத்தைக் காணாமலே போகலாம். அந்த வேதனையை நான் இலேசாக எண்ணவில்லை. ஆயினும் எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தபின் இதுவே என் மனச்சாட்சிக்குச் சரியென்று படுகிறது. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் கூட்டத்தில் தயக்கமின்றிப் பேசுங்கள். போதகனின் முகத்துக்கு நேராக மாற்றுக்கருத்தைச் சொல்ல முடியாத சபை, செல்வந்தரின் முகத்துக்கு நேராகவும் பேசப் பழகாது.

இந்த வாரத்தில் குடும்ப ஜெபத்தின்போது இவற்றைத் தியானியுங்கள்: நான் யாருக்குக் கடன்பட்டிருப்பதால் எந்த உண்மையைச் சொல்லாமல் இருக்கிறேன்? என் சொல்லை நம்பி என் அயலான் தன் மாட்டை அவிழ்த்துத் தருவானா? எங்கள் ஆலயத்தில் ஏழை எங்கே உட்காருகிறான்?

ஜெபிப்போம்: ராஜாதி ராஜாவாகிய ஆண்டவரே, மாட்டுத்தொழுவில் பிறந்து, ஏரோதின் முன் மௌனமாய் நின்று, ஏழைகளுக்காக வாய்திறந்த உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். நாங்கள் எழுப்பும் ஆலயம் சிறியதாயினும் அது உமக்கே உரியதாயிருக்கட்டும். அதன் வாசல் ஒடுக்கப்பட்டவனுக்குத் திறந்திருக்கட்டும். எங்கள் சபைக் கூட்டத்தில் பட்சபாதமில்லாத ஞானத்தைத் தாரும். உதவிசெய்ய முன்வந்த அன்பரையும் அவர் குடும்பத்தையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்